குதிகால் கொப்புளம்: கேட்டதும் சொன்னதும்

மழை பிடித்துவிட்டால் எனக்கு வரும் கேள்விகள் பாதிக்கு மேல் காலைப் பற்றித்தான் இருக்கும். ரப்பர் பூட்ஸ், மலையேற்றம், கல்யாணச் சப்பாத்து, போதாததற்கு இந்த முறை ஐஸ் ஹொக்கி வேறு. எல்லாவற்றையும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

மிஸ், என் அக்காவின் மகன் டொரன்டோவில் ஐஸ் ஹொக்கி விளையாடுகிறான். புது ஸ்கேட்ஸ் போட்டதிலிருந்து இரண்டு குதிகாலிலும், கணுக்கால் உள்பக்கத்திலும் கொப்புளம். தடித்த சொக்ஸ் இரண்டு போடச் சொல்லலாமா? (ஹட்டன்)

வேண்டாம். ஏற்கெனவே இரண்டு போட்டிருந்தால் ஒன்றைக் கழற்றச் சொல்லுங்கள்.

மேல்தோல் தேய்ந்துதான் கொப்புளம் வருகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. சப்பாத்தும் சொக்ஸும் தோலை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, உள்ளே எலும்பு மட்டும் முன்னும் பின்னும் நகர்கிறது, நடுவில் மாட்டிய தோல் திரும்பத் திரும்ப இழுபட்டு அடுக்கு பிரிந்து, அந்த இடைவெளியில் நீர் கோர்க்கிறது. வியர்வை ஈரம் சேர்ந்தால் பிடி இன்னும் கூடும். ஸ்கேட்ஸ் பூட் கொஞ்சமும் வளைந்து கொடுக்காது, அதனால் உள்ளே குதிகால் சிறிதளவு தூக்கினாலே போதும்.

எனக்கு முதலில் சந்தேகம் சைஸில்தான். வளர்கிற பிள்ளை, அடுத்த வருசமும் போடட்டும் என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது நம் ஆட்களின் பழக்கம். பள்ளிக்கூடச் சப்பாத்தில் அது ஓடிவிடும், ஸ்கேட்ஸில் ஓடாது. ஹொக்கி ஸ்கேட்ஸ் பொதுவாக சாதாரணச் சப்பாத்தை விட ஒன்று, ஒன்றரை சைஸ் குறைவாகவே வரும். லேஸ் கட்டாமல் காலை முன்னால் தள்ளி, விரல் நுனி முட்டும்போது குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழையலாம். அதற்கு மேல் இடம் இருந்தால் பூட் பெரிது, கடையில் மாற்றச் சொல்லுங்கள்.

சைஸ் சரியாக இருந்தும் கடிக்கிறதென்றால், அந்தக் கடைகளில் அதற்கென்றே ஒரு சூட்டுப் பெட்டி இருக்கும். பூட்டைச் சில நிமிடம் அதில் சூடாக்கி, அந்தச் சூட்டோடு காலில் மாட்டி ஆறும்வரை உட்கார வைப்பார்கள், பூட் கால் வடிவத்துக்கு வந்துவிடும். எல்லா மொடலுக்கும் இது சரிவராது, கேட்டுத்தான் செய்ய வேண்டும். வீட்டு அடுப்பில் வைத்துப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். கணுக்கால் எலும்பு இடிக்கும் இடத்தை மட்டும் உள்ளிருந்து வெளியே தள்ளிக் கொடுக்கவும் அவர்களிடம் கருவி உண்டு.

பிறகு லேஸ். கட்டுவதற்கு முன் குதிகாலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி, பின்னால் நன்றாக உட்கார வைக்க வேண்டும். விரல் பக்கம் கொஞ்சம் தளர்வு, பாதம் வளைகிற இடத்தில் நல்ல இறுக்கம். சொக்ஸ் மெல்லியதாக, பொலியெஸ்டர் மாதிரி ஈரத்தைத் தேக்காத துணியாக இருக்கட்டும், பருத்தி வேண்டாம். விளையாடி முடிந்ததும் பூட்டைப் பைக்குள் திணிக்காமல், உள் அட்டையை வெளியே எடுத்துக் காய வைக்கச் சொல்லுங்கள். புண் ஆறும்வரை ஓய்வு கொடுத்தால் நல்லது. கேட்க மாட்டான் என்றால், தடித்த ஒட்டுப் பட்டையின் நடுவில் ஓட்டை வெட்டி, கொப்புளம் அந்த ஓட்டைக்குள் வருகிற மாதிரி ஒட்டலாம்.

அம்மா கொப்புளத்தை ஊசியால் குத்தி, நூல் கோர்த்து விடுகிறார். நல்லதா? (பொகவந்தலாவை)

நூல் வேண்டவே வேண்டாம், கிருமிக்கு நாமே பாதை போட்டுக் கொடுப்பது அது. சின்னக் கொப்புளம், வலி இல்லை என்றால் தொடவே தேவையில்லை. மேலே இருக்கும் தோலை விட நல்ல கட்டு எந்தப் பார்மசியிலும் கிடைக்காது, நீர் சில நாளில் தானாக உள்ளிழுத்துக்கொள்ளும்.

பெரிதாக, இறுக்கமாக, கால் ஊன்ற முடியாமல் இருந்தால் மட்டும் குத்தலாம். கையையும் அந்த இடத்தையும் சவுக்காரம் போட்டுக் கழுவி, ஊசியை ஸ்பிரிட்டால் துடைத்து, ஓரத்தில் ஒன்றிரண்டு இடத்தில் குத்தி, சுத்தமான துணியால் மெதுவாக அமுக்குங்கள். தோலை உரிக்க வேண்டாம். கொஞ்சம் வாசலின் தடவி மூடிக் கட்டினால் போதும். பற்பசை, சாம்பல், தேயிலைத் தூள் எல்லாம் அடுப்படியிலேயே இருக்கட்டும். அம்மாவுக்கோ உங்களுக்கோ சீனி வருத்தம் இருந்தால் ஊசியை எடுக்கவே கூடாது, நேரே டொக்டரிடம் காட்டுங்கள்.

இந்த சீசனில் சிவனொளிபாத மலைக்குப் போகிறோம். போன முறை பாதம் முழுக்கக் கொப்புளம். (மஸ்கெலியா)

நல்லதண்ணிப் பக்கமாக ஏறினால் 5,500 படி அளவில் இருக்கும். ஏறும்போது குதிகால் வாங்கும், ஆனால் ஆளைச் சாய்ப்பது இறக்கம்தான். ஒவ்வொரு படிக்கும் கால் முன்னால் வழுக்கி, விரல் நுனியும் முன்பாதமும் இடிபடும். இறங்கத் தொடங்குமுன் உச்சியிலேயே லேஸை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டுங்கள். இரண்டு நாள் முன்பே நகத்தை வெட்டிவிடுங்கள், பயணத்துக்கென்று புதுச் சப்பாத்து வாங்க வேண்டாம்.

போன முறை கொப்புளம் வந்த இடங்களில், கிளம்புமுன் காய்ந்த காலில் பேப்பர் பிளாஸ்டர் ஒட்டுங்கள், காயத்துக்குக் கட்டும் அதே மலிவான சாமான்தான். பல நாள் நீண்ட ஓட்டம் ஓடிய 128 பேரை வைத்து 2016இல் வெளியான ஆய்வில், இதை ஒட்டிய இடங்களில் கொப்புளம் 40 சதவீதம் குறைந்தது. வாசலின் தடவுகிறவர்கள் உண்டு. முதலில் நன்றாக வழுக்கும், சில மணி நேரம் போனால் தோல் ஊறி முன்னை விட மோசமாகும், இரவு முழுக்க ஏறுகிற பயணத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

பெருவிரலுக்குக் கீழே சிவந்து, தொட்டால் சுடுகிற ஒரு வட்டம் தெரிந்தால் அது கொப்புளத்துக்கு முந்தின கட்டம். வழியில் எத்தனை தேத்தண்ணிக் கடை இருக்கிறது, ஒன்றில் உட்கார்ந்து சொக்ஸை மாற்றி பிளாஸ்டரை ஒட்டுங்கள். கூட வருகிறவர்கள் அவசரப்படுத்துவார்கள், படுத்தட்டும்.

கொழுந்து எடுக்கப் போட்டுப் போகும் பூட்ஸின் மேல் விளிம்பு கெண்டைக்காலை அறுக்கிறது. கொப்புளம் உடைந்தும் விட்டது. (தலவாக்கலை)

நீளமான சொக்ஸ் போட்டு அதன் வாயை பூட்ஸ் விளிம்புக்கு மேல் மடித்து விடுங்கள், அறுப்பது நிற்கும். பகல் சாப்பாட்டுக்கு வரும்போது மாற்ற இன்னொரு சோடி காய்ந்த சொக்ஸ் கையில் இருக்கட்டும்.

உடைந்த புண்ணோடு சேற்றுத் தண்ணீரில் நிற்பதுதான் எனக்குப் பயம். எலிக்காய்ச்சல் கிருமி அப்படித்தான் உள்ளே போகும். தண்ணீர் புகாத மாதிரி மூடிக் கட்டாமல் கொழுந்து மலைக்கு இறங்க வேண்டாம். பிறகு காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால், "சேற்றில் நின்றேன், காலில் புண் இருந்தது" என்பதை ஆஸ்பத்திரியில் நீங்களாகவே சொல்லுங்கள். சீழ், சூடு, புண்ணிலிருந்து மேலே ஏறும் சிவப்புக் கோடு, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே போக வேண்டும்.

உப்புத் தண்ணீரில் காலை ஊற வைத்தால் தோல் உரமாகுமா? (பதுளை)

சுகமாக இருக்கும், அவ்வளவுதான். நடந்து நடந்து பழகினால்தான் தோல் தடிக்கும்.

நாளைக்குக் கல்யாணம், சப்பாத்து புதுசு, இப்போதே கடிக்கிறது. (கண்டி)

இன்றிரவே குதிகாலில் பேப்பர் பிளாஸ்டரைச் சுருக்கம் இல்லாமல் ஒட்டிவிட்டுப் படுங்கள். பந்திக்கு உட்காரும்போது சப்பாத்தைக் கழற்றி விடுங்கள், மேசைக்குக் கீழே யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை. பழைய செருப்பு ஒரு சோடி வண்டியில் கிடக்கட்டும்.