கிணற்று நீர் இறங்கினால் உடனே குழாய்க் கிணறா?

கிணற்றில் நீர் இறங்கிவிட்டது, குழாய்க் கிணறு அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு இப்போதே முற்பணம் கட்டாதீர்கள். உங்கள் 30 அடிக் கிணற்றில் நீர் ஓகஸ்டில் இரண்டடிக்கு இறங்குவது பண்டாரவளைப் பக்கம் புதிதல்ல. ஊவாவுக்கு அடுத்த பெருமழை ஒக்டோபரில்தான் தொடங்கும்.

ஆனால் மேட்டிலுள்ள பக்கத்து வீட்டில் குழாய்க் கிணறு அடித்த பிறகுதான் இறங்கியது என்கிறீர்களே, எனக்கும் அந்தக் குழாய்க் கிணற்றின் மேல்தான் சந்தேகம். நம் மலையில் தண்ணீர் மக்கிய பாறையிலும் வெடிப்புகளிலும்தான் நிற்கும். ஒரே வெடிப்பை நீங்களும் துளைத்தால் இரண்டு பேருக்கும் இல்லாமல் போகும்.

கயிற்றில் கல்லைக் கட்டி, இரண்டு வாரம் காலையும் மாலையும் மட்டத்தை அளந்து கொப்பியில் எழுதுங்கள். அவர்கள் மோட்டார் போடாத நாளில், மழையில்லாமலே மட்டம் ஏறினால் சரி, காரணம் அதுதான். சண்டை வேண்டாம், இறைக்கும் நேரத்தைப் பேசிக்கொள்ளுங்கள்.

சுற்றிலும் ஊற்றுகளும் சேர்ந்து வற்றினால் கதை வேறு. 2014 டிசெம்பரில் உமா ஓயா நீர்மின் திட்டச் சுரங்கத்துக்குள் தண்ணீர் பாய்ந்தபோது இங்கே கிணறுகள் அப்படித்தான் வற்றின. அப்படி வற்றினால், நிலத்தடி நீரைக் கவனிக்கும் அரச நீர்வளச் சபைக்கு எழுத அந்தக் கொப்பிதான் கைகொடுக்கும்.