எரிமலைப் புகையில் எவ்வளவு அமிலம்? 'ஆசிட் மீட்டர்' வாங்கும் முன் படியுங்கள்

கேள்வி: என் மகள் ஹவாயின் பெரிய தீவில், கோனாவில் இருக்கிறாள். பேரனுக்கு ஆஸ்துமா. கிலாவேயா எரிமலையின் மூட்டம் வந்த அன்று சல்பர் டை ஆக்சைடு 40 பிபிபி (நூறு கோடிப் பங்கு காற்றில் 40 பங்கு) என்று இணையத்தில் காட்டியது. 'அப்படியானால் கன மீட்டருக்கு 160 மைக்ரோகிராம் கந்தக அமிலம்' என்கிறார் ஒரு வியாபாரி. ஆசிட் மீட்டர் ஒன்றை வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. அவருடைய பெருக்கல் சரி. ஒரு பிபிபி வாயு முழுவதும் அமிலமானால் சுமார் 4 மைக்ரோகிராம் வரும். ஆனால் அந்த 40 பிபிபி, இன்னும் அமிலமாக மாறாத வாயு. மாறாததை எண்ணிவிட்டு, எல்லாமே மாறிவிட்டது என்று பயம் காட்டுகிறார்.

மாறியது எவ்வளவு என்பதை, புகை எத்தனை மணி நேரம் வெயிலில் பயணம் செய்தது என்பதை வைத்துக் கணிக்கலாம். வெயிலில் மணிக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் அமிலமாகும். இரவில் அந்த வழி ஏறக்குறைய நின்றுவிடும். வடகிழக்குக் காற்று புகையைத் தீவின் தெற்கு முனை வழியாகச் சுற்றிக் கோனாவுக்குக் கொண்டுவருகிறது. பத்து மணி நேர வெயில், மணிக்கு 2 சதவீதம் என்று தாராளமாகவே வைப்போம். 18 பங்கு மாறி, 82 மிஞ்சும். மிஞ்சியது 40 பிபிபி என்றால் மாறியது சுமார் 9 பிபிபி. அதாவது கன மீட்டருக்கு 36 மைக்ரோகிராம் அமிலம். 160 எங்கே, 36 எங்கே!

இதையும் அப்படியே நம்ப வேண்டாம். அதே நாளின் பிஎம் 2.5 அளவை, அதாவது காற்றில் உள்ள 2.5 மைக்ரோமீட்டருக்குட்பட்ட நுண்துகள்களின் அளவைப் பாருங்கள். அமிலம் நுண்துளியாகத்தான் மிதக்கும், அதனால் அந்த எண்ணுக்குள்ளேயே அடங்கிவிடும். மூட்டம் இல்லாத நாளில் 5 மைக்ரோகிராம், அன்று 20 என்றால், அமிலம் 15-ஐத் தாண்ட வழியில்லை. இரண்டு கணக்கும் மோதினால் பிஎம் 2.5 சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மேகம் குறுக்கிட்டால் மட்டும் மேலே சொன்ன பயண நேரக் கணக்கு உதவாது. கோனா சரிவில் மதியத்துக்கு மேல் மேகம் கூடுவது வழக்கம். மேகத் துளியில் வாயு கரைந்தால், அங்கே உள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு அதைச் சில நிமிடங்களில் அமிலமாக்கிவிடும், இரவிலும்கூட. ஆனால் காற்றில் பெராக்சைடு இருப்பதே பெரும்பாலும் ஒன்றிரண்டு பிபிபிதான். தீர்ந்ததும் வேகம் விழுந்துவிடும். ஓசோனும் இதே வேலையைச் செய்யும், ஆனால் துளி புளிக்கப் புளிக்க அது மந்தமாகிவிடும். புதுக் காற்று கலந்தால் மறுபடி தொடங்கும். ஆகவே மேகத்தில் புகுந்து வந்த புகை என்றால் பயண நேரக் கணக்கை விட்டுவிட்டு பிஎம் 2.5-ஐ மட்டும் பாருங்கள்.

அப்புறம் அந்த மீட்டர். இப்படி விற்கப்படுபவை பெரும்பாலும் சல்பர் டை ஆக்சைடு சென்சார்கள், அல்லது ஒளியை வைத்துத் துகள் எண்ணும் கருவிகள். முதலாவதுக்கு அமிலத் துளி தெரியாது. இரண்டாவதுக்கு அமிலமும் அடுப்புப் புகையும் ஒன்றுதான். ஈரக் காற்றில் துளி ஊதிப்போய் எண்ணும் கூடும். 'நாங்களே சாம்பிள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம்' என்னும் இடைத்தரகர்களிடம் இன்னும் கவனம் தேவை. வடிதாளில் பிடித்த அமிலத்தை, அதைக் கையாளுபவரின் மூச்சில் உள்ள அம்மோனியாவே நடுநிலையாக்கிவிடும். அம்மோனியா இல்லாத பெட்டிக்குள் வைத்துத்தான் தாளை எடுக்க வேண்டும். தரகர் அதைக் கவரில் போட்டு அனுப்புவார். எனக்கே ஒருமுறை 'அமிலம்' என்று தலைப்பிட்ட அறிக்கை வந்தது. உள்ளே சல்பேட் அளவு மட்டும். சல்பேட் எல்லாம் அமிலமல்ல; அமிலம் நடுநிலையான பிறகும் அது உப்பாக மிஞ்சும். அமிலத்தன்மையைத் தனியாக அளக்காமல் இப்படி எழுதிப் பணம் வாங்குவதை ஏன் யாரும் கேட்பதில்லை? பொது நிலையங்களும் வாயு ஒரு பக்கம், துகள் ஒரு பக்கம் என்றே வெளியிடுகின்றன. இரண்டையும் சேர்த்து ஒரு வரி எழுதினால் உங்களைப் போன்றவர்கள் ஏமாற மாட்டார்கள்.

எரிமலைக்கு அருகில் வாயுதான் முதல் கவலை. கோனாவில் பெரும்பாலும் துகள்தான் பார்க்க வேண்டியது. பிஎம் 2.5-க்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 24 மணி நேர அளவு 15 மைக்ரோகிராம். அதற்கு மேல் போனால் பேரன் வெளியே ஓடியாடி விளையாட வேண்டாம். என்95 முகக்கவசம் அமிலத் துளியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. 40 பிபிபி அன்று அதை மாட்டிவிட்டு வெளியே அனுப்பாதீர்கள். மூட்ட நாளில் இன்ஹேலரை எப்படிப் பயன்படுத்துவது என்று அவனுடைய டாக்டரிடம் இப்போதே எழுதி வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.