பழைய ஸ்டெர்ன்டிரைவ் படகின் எஞ்சின் வேகமெடுத்தால் மட்டும் சூடாவது ஏன்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன். 1989ஆம் ஆண்டுப் படகு, 4.3 லிட்டர் வி6 மெர்க்குரூசர் எஞ்சின். எஞ்சின் படகுக்குள்ளும், புரொப்பெல்லரைச் சுழற்றும் டிரைவ் பின்சுவருக்கு வெளியேயும் இருக்கும் ஸ்டெர்ன்டிரைவ் அமைப்பு; டிரைவ் ஆல்பா ஒன் வகை. கனடாவின் சிம்கோ ஏரியில் மெதுவாகப் போகும்போது வெப்பமானி 160 பாரன்ஹீட்டில் நிற்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றுகளைத் தாண்டினால் ஐந்தே நிமிடங்களில் 200ஐக் கடந்து அலாரம் அடிக்கிறது. வீட்டு முற்றத்தில் தோட்டக் குழாயை மாட்டி ஓட்டினால் சூடாவதே இல்லை. தெர்மோஸ்டாட்டை (குறித்த வெப்பத்தில் திறந்து நீரை விடும் அடைப்பானை) மாற்றிவிட்டீர்கள், இம்பெல்லர் (ஏரிநீரை இழுக்கும், ரப்பர்த் தகடுகள் கொண்ட சக்கரம்) மாற்றி மூன்று ஆண்டுகள் ஆகின்றன, அடுத்து எதை மாற்றுவது என்று கேட்கிறீர்கள்.

எதையும் மாற்ற வேண்டாம் என்பதே என் முதல் பதில். ஏரியிலிருந்து புறப்படும் நீர் எஞ்சினுக்குள் எந்த இடத்தில் குறைகிறது என்று கண்டுபிடிக்கும் வரை ஒரு பாகத்தையும் வாங்காதீர்கள். இதைச் சற்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நானும் என் மச்சானும் சேர்ந்து வாங்கிய பழைய படகில் இதே கோளாறு வந்தபோது தெர்மோஸ்டாட், வெப்ப சென்சர், எஞ்சினின் முன்புறமுள்ள சுழற்சி பம்ப் என்று வரிசையாக மாற்றி ஒரு கோடைகாலத்தை முழுவதும் இழந்தோம். கடைசியில் காரணமாக இருந்தது என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய இரண்டு ரப்பர்த் துண்டுகள். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நீர் போகும் வழியை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். காருக்கு இருப்பதுபோல இந்த எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. ஏரிநீரே நேராக எஞ்சினுக்குள் சென்று வெளியேறுகிறது. டிரைவின் கீழ்ப்பகுதியில் இரு பக்கமும் உள்ள துவாரங்கள் வழியாக நீர் நுழைகிறது. ஆல்பா வகை டிரைவில் அந்த நீரை இழுக்கும் ரப்பர் இம்பெல்லர் டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. (பிராவோ வகையில் அது எஞ்சினின் முன்புறம் பெல்ட்டில் ஓடுகிறது, அதற்கு எழுதப்பட்ட ஆலோசனையைப் படித்துவிட்டு உங்கள் எஞ்சினின் முன்னால் இம்பெல்லரைத் தேடாதீர்கள்.) இம்பெல்லர் தள்ளும் நீர் டிரைவையும் படகின் பின்சுவரையும் இணைக்கும் ஹோஸ் வழியாக உள்ளே வந்து, பவர் ஸ்டியரிங் எண்ணெயைக் குளிர்விக்கும் சிறிய கூலரைக் கடந்து, தெர்மோஸ்டாட் பெட்டிக்கு ஏறுகிறது. அங்கிருந்து ஒரு பங்கு சுழற்சி பம்ப் வழியாக எஞ்சின் பிளாக்குக்குள் போகிறது. மீதி, எஞ்சினின் புகையைச் சேர்க்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகளுக்கும் அவற்றின் மேலுள்ள ரைசர்கள் என்ற வளைகுழாய்களுக்கும் சென்று, புகையோடு கலந்து வெளியேறுகிறது. ஆக, இதில் இரண்டு பம்புகள் உண்டு. ஏரியிலிருந்து நீரைக் கொண்டுவருவது இம்பெல்லர். வந்த நீரை எஞ்சினுக்குள் சுற்றவிடுவது சுழற்சி பம்ப். இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொண்டதுதான் நாங்கள் செய்த பெரிய பிழை.

படகின் பின்னால் வெளியே மாட்டும் வெளியிணைப்பு மோட்டாரில் பழகியவர்களுக்கு இன்னொரு தடுமாற்றம் வரும். ஊரில் வள்ளம் ஓட்டியவர்கள் மோட்டாரின் பக்கத்தில் பீறிடும் நீர்த்தாரையைப் பார்த்தே குளிர்நீர் சரியாக ஓடுகிறதா என்று சொல்லிவிடுவார்கள். இந்த டிரைவில் அப்படி ஓர் அடையாளத் தாரை இல்லாததால், நீர் குறைவதை வெப்பமானி சொல்லும்போதுதான் நாம் அறிகிறோம்.

இப்போது உங்கள் அறிகுறிகளுக்கு வருவோம். வெப்பமானி மட்டும் உயர்ந்திருந்தால் பழைய வயரிங்கைச் சந்தேகிக்கலாம். ஆனால் அலாரத்துக்கு இயல்பாகவே தனி சுவிட்ச் இருப்பதால், இரண்டும் ஒத்துச் சொல்லும்போது சூடு உண்மையானதாகவே இருக்கக்கூடும். ஆனாலும் ஓர் ஐயம் தீர்க்கப்பட வேண்டும்: எண்ணெய் அழுத்தம் குறைந்தாலும் அதே அலாரம்தான் ஒலிக்கும் என்பதால், அது அடிக்கும் நேரத்தில் எண்ணெய் அழுத்தமானியையும் பாருங்கள். அதோடு, கையில் பிடிக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்றை வாங்குங்கள். இந்த வேலைக்கு அதைவிடப் பயனுள்ள கருவி இல்லை. பளபளக்கும் உலோகத்தில் அது தவறாகக் காட்டும் என்பதால், வண்ணம் பூசிய மங்கலான பரப்பை நோக்கியே பிடியுங்கள்.

தோட்டக் குழாயில் சூடாகவில்லை என்று நீங்கள் எழுதியது மிகவும் பயனுள்ள தகவல், ஆனால் அதை எஞ்சின் நன்றாக இருக்கிறது என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குழாய்நீர் தன் அழுத்தத்தாலேயே உள்ளே ஏறிவிடுவதால் தேய்ந்த இம்பெல்லரின் குறையை அது மறைத்துவிடுகிறது. முற்றத்தில் நிற்கும் எஞ்சினுக்குச் சுமையும் இல்லை. ஏரியிலோ இம்பெல்லர்தான் தன் பலத்தில் நீரை இழுக்க வேண்டும், வேகம் கூடக்கூட எஞ்சின் கேட்கும் நீரின் அளவும் கூடுகிறது. மெதுவாகப் போகும்போது போதுமான நீர் வருகிறது, வேகத்தில் போதவில்லை என்றால், இம்பெல்லர் தளர்ந்திருக்க வேண்டும் அல்லது வழியில் எங்கோ அடைப்பு இருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டிருந்தால் மெதுவாக ஓடும்போதும் சூடேறியிருக்கும்.

ஆகவே முதல் சோதனையை ஏரியிலேயே செய்யுங்கள். தெர்மோஸ்டாட் பெட்டிக்குள் நீரைக் கொண்டுவரும் ஹோஸைக் கழற்றி, அதோடு சற்று நீளமான இன்னொரு ஹோஸை இணைத்து ஒரு வாளிக்குள் விடுங்கள். படகைத் துறையில் நன்றாகக் கட்டிவைத்து, கியர் போடாமல், 1,000 சுற்றில் 15 விநாடிகள் மட்டும் எஞ்சினை ஓட்டி, வாளியில் சேர்ந்த நீரை அளந்து, உங்கள் எஞ்சினின் சர்வீஸ் கையேட்டிலுள்ள அளவோடு ஒப்பிடுங்கள். அந்த 15 விநாடிகளில் எஞ்சினுக்கு நீர் போகாது என்பதால் அதற்குமேல் நீட்டிக்காதீர்கள். பெட்ரோல் எஞ்சின் என்பதால் ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் செய்வதற்கு முன், எஞ்சின் அறையிலுள்ள பெட்ரோல் ஆவியை வெளியேற்றும் விசிறியான புளோவரைக் குறைந்தது நான்கு நிமிடங்களாவது ஓடவிடுங்கள். இதில் அவசரப்பட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. வாளியில் நீர் குறைவாக வந்தால் கோளாறு அந்த ஹோஸுக்குப் பின்னால், அதாவது டிரைவிலிருந்து கூலர் வரை எங்கோ இருக்கிறது. நிறைய வந்தால் அதற்கு முன்னால், எஞ்சினிலோ எக்ஸாஸ்ட்டிலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனை நீங்கள் தேட வேண்டிய பரப்பைப் பாதியாக்கிவிடும்.

நீர் குறைவாக வந்தால், அடுத்ததாகக் கூலரின் இரு முனைகளையும் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் படகின் கதை இங்கேதான் முடிந்தது. முந்தைய உரிமையாளர் காலத்தில் இம்பெல்லர் ஒருமுறை உடைந்திருக்க வேண்டும். புதியதைப் போட்டவர்கள் உடைந்த தகடுகள் எங்கே போயின என்று தேடவில்லை. அவை நீரோடு மேலேறி, கூலருக்குள்ளிருக்கும் நுண்குழாய்களின் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தன. மெதுவாக ஓட்டினால் ஒன்றும் தெரியாது, வேகமெடுத்தால் கால்வாசி வழி அடைபட்ட எஞ்சின் மூச்சுத் திணறும். ஏரியின் தென்கோடியிலுள்ள குக்ஸ் பே பக்கம் பிள்ளைகளோடு போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆவி எழும்ப, எஞ்சினை நிறுத்தி நங்கூரம் போட்டுவிட்டு, வேறொரு படகு இழுத்துவரும் வரை காத்திருந்தோம். சுழற்சி பம்பை மாற்றித் தந்த பட்டறைக்காரர்கூட அந்தக் கூலரைத் திறந்து பார்க்கவில்லை. உங்கள் இம்பெல்லர் கடைசியாக மாற்றப்பட்டபோது பழையதன் தகடுகள் எல்லாம் எண்ணப்பட்டனவா என்று விசாரியுங்கள். இல்லையென்றால், குழாய்நீரை எதிர்த்திசையில் செலுத்தி, வெளிவருவதை ஒரு துணியில் பிடித்துப் பாருங்கள்.

கூலர் சுத்தமாக இருந்தால் டிரைவுக்கு இறங்க வேண்டும். நீர் நுழையும் துவாரங்களைப் பாருங்கள். சிம்கோவின் தென்கோடி ஆழங்குறைந்து களை மண்டிக் கிடப்பதும், கோடை முழுவதும் நீரிலேயே நிற்கும் படகில் வரிச்சிப்பிகள் ஒட்டுவதும் வழக்கம். பிறகு டிரைவின் கீழ்ப்பாதியைக் கழற்றி இம்பெல்லரைப் பாருங்கள். மூன்று ஆண்டு என்பது கனடாவில் ஏமாற்றும் கணக்கு. அக்டோபரில் கரையேறி மே மாதத்தில் இறங்கும் படகில் அந்த ரப்பர்த் தகடுகள் ஆண்டுக்கு ஏழு மாதங்கள் ஒரே நிலையில் மடிந்து கிடந்து, நிமிரும் தன்மையை இழந்துவிடுகின்றன. ஒருமுறை நீரில்லாமல் சில விநாடிகள் ஓடியிருந்தாலும் அவை கருகியிருக்கும். இம்பெல்லரை மட்டும் மாற்றிவிட்டு மூடிவிடாதீர்கள். அது உரசும் தகட்டிலும் உள்கிண்ணத்திலும் நகத்தால் உணரக்கூடிய பள்ளங்கள் இருந்தால் அவற்றையும் மாற்றுங்கள். பிளாஸ்டிக் உறை சூட்டில் உருக்குலைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நீர்க்குழாய் மேற்பாதியோடு சேரும் இடத்திலுள்ள ரப்பர் விலகியிருந்தால், நல்ல இம்பெல்லரும் பாதி நீரை டிரைவுக்குள்ளேயே சிந்திவிடும். புதிய இம்பெல்லரைத் தண்டில் இறக்கும்போது, வலஞ்சுழியாகத் திருப்பியபடியே உறைக்குள் அமர்த்த வேண்டும். டிரைவுக்கும் பின்சுவருக்கும் இடையிலுள்ள ஹோஸ் வெளியிலிருந்து முழுமையாகத் தெரியாது. முப்பத்தைந்து ஆண்டுப் பழைய ரப்பர் உள்ளே உரிந்தோ மடிந்தோ இருக்கலாம். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பினால் மட்டும் வெப்பம் ஏறுகிறது என்றால் அதையே முதலில் சந்தேகியுங்கள்.

வாளி நிறைந்துவிட்டது என்றால் ஆய்வு மேலே நகர்கிறது. இன்ஃப்ராரெட் வெப்பமானியால் இடது ரைசரையும் வலது ரைசரையும் ஒரே நேரத்தில் அளந்து ஒப்பிடுங்கள். ரைசருக்குள் குளிர்நீர் ஓடும்வரை அதில் கையை வைத்திருக்க முடியும். ஒரு பக்கம் மட்டும் கையைச் சுட்டால் அந்தப் பக்கத்தின் நீர்வழி துருவால் அடைபட்டிருக்கிறது. நன்னீரில் மட்டும் ஓடிய படகில் ரைசர்கள் நெடுங்காலம் உழைக்கும். ஆனால் உங்கள் படகு முன்பு கடல்நீரில் இருந்ததா என்று தெரிந்துகொள்வது அவசியம், ஏனெனில் உப்புநீரில் அவற்றின் ஆயுள் சில ஆண்டுகளே. புகைக்குழாய்க்குள்ளிருக்கும் ரப்பர்க் கதவுகள் சூட்டில் அறுந்து விழுந்து வழியை அடைப்பதும் உண்டு; சூட்டோடு வேகமும் குறைந்திருந்தால் அதைப் பாருங்கள். பிளாக்கின் வடிகால் திருகுகளைக் குளிர்ந்த எஞ்சினில் கழற்றும்போது நீர் வராவிட்டால், ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். அடியில் மணலும் துருவும் களிமண்ணாக இறுகியிருக்கும்.

நீங்கள் போட்ட தெர்மோஸ்டாட்டைப் பற்றி ஒரு கேள்வி. அது படகுக்கென விற்கப்பட்டதா, கார் கடையில் வாங்கியதா? ஏரிநீரில் நேராகக் குளிரும் இந்த எஞ்சின்களுக்கு 140 முதல் 160 பாரன்ஹீட்டில் திறப்பதுதான் பொருந்தும். கார்களுக்கான 195 பாரன்ஹீட் வகை கூடவே கூடாது. ஐயமிருந்தால், சமையலுக்கு ஆகாத ஒரு பழைய பாத்திரத்தில் நீரைச் சூடாக்கி, நூலில் கட்டித் தொங்கவிட்டு, எந்த வெப்பத்தில் திறக்கிறது என்று பார்த்துவிடலாம்.

எஞ்சினின் இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருப்பது (தீப்பொறி தாமதமாக வருவது), கார்புரேட்டர் பெட்ரோல் குறைவாகக் கொடுப்பது ஆகியவையும் சூட்டை ஏற்றக்கூடும். ஆனால் நீர்வழியைத் தீர்த்த பிறகே அங்கே போங்கள்.

அலாரம் எத்தனை முறை அடித்தது, அடித்த பிறகும் எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. 200ஐத் தாண்டி நெடுநேரம் ஓடியிருந்தால் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள கசிவுத் தடுப்புத் தகடு) பாதிக்கப்பட்டிருக்கலாம். எண்ணெய் அளவுகோலை இழுத்துப் பாருங்கள். எண்ணெய், பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் எஞ்சினை ஒரு முறைகூடச் சுற்றவிடாமல், எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி சிலிண்டரில் நீர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். எண்ணெய் தெளிவாக இருந்தால் வாளிச் சோதனையைச் செய்துவிட்டு, சேர்ந்த நீரின் அளவையும் இரண்டு ரைசர்களின் வெப்பத்தையும் இங்கேயே எழுதுங்கள். அந்த மூன்று எண்களையும் பார்த்து அடுத்து எந்தப் பாகத்தைத் திறப்பது என்று சொல்கிறேன்.