வாசகர் கேள்வி – பதில்: கால்காப்போடு பந்து வீசியவர்

கேள்வி: கால்பந்து, கிரிக்கெட் இரண்டிலும் இங்கிலாந்துக்கு ஆடிய முதல் வீரர் யார்?

பதில்: ஆல்ஃபிரெட் லிட்டில்டன். 1857-இல் பிறந்தவர், பிரபு குடும்பம். அண்ணன் தம்பி எட்டுப் பேரில் கடைக்குட்டி. 1867-இல் அப்பா, இரண்டு சித்தப்பாக்கள், எட்டுப் பிள்ளைகள் என வீட்டு ஆட்களே பதினொருவர் அணியாகி, புரோம்ஸ்குரோவ் பள்ளியை எதிர்த்து கிரிக்கெட் ஆடினார்கள். அப்போது இவருக்குப் பத்து வயது!

கால்பந்தில் ஒரே ஒரு சர்வதேச ஆட்டம்தான். 1877 மார்ச்சில், லண்டன் ஓவல் மைதானத்தில், ஸ்காட்லாந்துக்கு எதிராக. இங்கிலாந்து 1–3 என்று தோற்றது. அந்த ஒரு கோலை அடித்தவர் இவர். பந்து காலில் வந்துவிட்டால் யாருக்கும் தர மாட்டார். சக வீரர் பில்லி மாஸ்ஃபோர்த் குறைபட்டுக்கொண்டபோது, என் இன்பத்துக்காக மட்டுமே ஆடுகிறேன் என்று பதில் சொன்னாராம். எனக்கு அந்தப் பதிலில் உடன்பாடு இல்லை. பதினொரு பேர் ஆட்டத்தில் அது பெரிய குறை.

ஆனால் 1884 ஆகஸ்டில் அதே ஓவலில் நடந்ததைப் படித்தபின் அவரை வெறுக்க முடியவில்லை. ஆஸ்திரேலியா ரன்களைக் குவித்தபடி இருந்தது. முர்டாக் 211 அடித்தார். டெஸ்ட் வரலாற்றின் முதல் இரட்டைச் சதம் அது. வீசி வீசி எல்லோரும் ஓய்ந்த நிலையில், விக்கெட் கீப்பரான லிட்டில்டனிடம் பந்து வந்தது. கால்காப்புகளைக் (பேட்) கழற்றாமலே வந்து, கையைத் தோளுக்கு மேல் தூக்காமல், கீழிருந்து மெல்லத் தூக்கிப் போட்டார். ஸ்டம்புக்குப் பின்னால் நின்றவர் யார் தெரியுமா? அந்தக் காலத்தின் பெரிய பேட்ஸ்மேன், தாடிக்காரர் டபிள்யூ. ஜி. கிரேஸ்! மிட்வின்டர் கொடுத்த கேட்சை அவரே பிடித்தார். லிட்டில்டனுக்கு 19 ரன்களுக்கு 4 விக்கெட். அணியின் பதினொருவரும் பந்து வீசிய முதல் டெஸ்ட் அது. ஆஸ்திரேலியா 551-இல் ஆட்டமிழந்தது, போட்டி டிரா. பந்துவீச்சாளர்கள் கைவிட்ட இடத்தில் தயங்காமல் இறங்கினாரே, அந்த மனசு பிடித்திருக்கிறது.

கேள்வி: பிற்காலத்தில் என்ன ஆனார்?

பதில்: வழக்கறிஞர், நாடாளுமன்ற உறுப்பினர், 1903 முதல் 1905 வரை குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சர். தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் தங்கச் சுரங்கங்களுக்குச் சீனத் தொழிலாளர்களை ஒப்பந்த அடிமைகளைப்போல் கொண்டுசெல்ல அனுமதித்தவரும் இவர்தான். ஆடுகளத்துப் புகழ் அதை மறைக்கக் கூடாது. 1913-இல் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தில் பந்து பட்டு, அதன் பின்விளைவால் 56 வயதில் இறந்தார். பிரதமர் ஆஸ்குவித் நாடாளுமன்றத்தில் அஞ்சலி செலுத்தினார்.

கேள்வி: பிரபுக்கள் மட்டும்தான் இரண்டும் ஆடினார்களா?

பதில்: இல்லவே இல்லை. நாட்டிங்ஹாம் வில்லியம் கன்னைப் பாருங்கள். கிரிக்கெட்டே அவருக்குத் தொழில். 1884-இல் இங்கிலாந்துக் கால்பந்து அணியில் ஆடினார், 1887-இல் டெஸ்டுக்கு வந்தார். 1885-இல் அவர் கூட்டாகத் தொடங்கிய 'கன் அண்ட் மூர்' இன்றும் மட்டை செய்கிறது.