கோஸ் இலையில் ஓட்டை போட்டது யார்? தோட்டக் கேள்வி பதில்

கோத்தகிரி வாசகி: வீட்டுக்குப் பின்னால் 3 அடி அகலம், 10 அடி நீளப் பாத்தியில் முட்டைக்கோஸும் நூல்கோலும் வைத்திருக்கிறேன். வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் பகலெல்லாம் சுற்றுகின்றன. இலையில் பெரிய பெரிய ஓட்டை. மருந்தடிக்க மனமில்லை. வலை கட்டினால் போதுமா?

ஒழுங்காகக் கட்டினால் போதும். வலை கட்டியும் புழு வந்துவிட்டது என்பவர்களின் பாத்தியைப் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் இலை வலையை முட்டிக்கொண்டு நிற்கும். பட்டாம்பூச்சி உள்ளே நுழைய வேண்டியதே இல்லை. வெளியே உட்கார்ந்தபடியே வலைக்கண் வழியாக முட்டையை இலையில் ஒட்டிவிடும். அதனால் வலையைச் செடிமேல் போர்த்தக் கூடாது, பந்தல்போல வளைவு கொடுத்துத் தூக்கி நிறுத்த வேண்டும்.

உங்கள் பாத்திக்கு நான்கு வளைவு வேண்டும். ஒன்றரை அடிக் கம்பித்துண்டுகளைப் பாத்தியின் இரண்டு ஓரத்திலும் எதிரெதிரே முக்கால் அடி ஆழத்துக்கு அறைந்துவிடுங்கள். 7 அடி நீளமுள்ள கறுப்பு எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாயை அவற்றின் மேல் செருகி வளைத்தால் நடுவில் இரண்டரை அடிக்கு மேல் உயரம் கிடைக்கும். வலை 9 அடி அகலம், 17 அடி நீளம் வாங்குங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வோர் அடி மிஞ்சும். மண்ணில் புதைக்கவோ செங்கல் வைத்து அழுத்தவோ அது தேவை.

பட்டாம்பூச்சியை மட்டும் தடுக்க 5 மில்லிமீட்டர் கண்ணுள்ள வலை போதும். ஆனால் கோஸைக் கெடுக்கும் அந்துப்பூச்சி அதில் சாவகாசமாக நுழைந்துவிடும். செலவோடு செலவாக 40 மெஷ், அதாவது அங்குலத்துக்கு 40 கண் உள்ள பூச்சி வலையே வாங்குங்கள். பச்சை நிழல்வலை வேண்டாம். வெயில் குறைந்தால் கோஸ் உருண்டை கட்டாது.

வலை கட்டுவதற்கு முன் ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பாருங்கள். இந்தப் பட்டாம்பூச்சி முட்டைகளைக் கும்பலாக இடாது. இலைக்கு ஒன்று, இரண்டாக, நிமிர்ந்து நிற்கும் குட்டிக் குப்பிபோல மஞ்சளாக இருக்கும். விரலால் நசுக்கினால் முடிந்தது. நாற்றோடு வந்த முட்டையை உள்ளே வைத்து வலையை மூடினால், குளவியும் குருவியும் எட்டாத இடத்தில் புழுவுக்கு விருந்து வைத்த கதைதான். சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சிக்கும் இதே கணக்கு: அதைத் தின்னும் பொறிவண்டு உள்ளே வர முடியாததால் இரண்டு வாரத்தில் கூட்டமாகிவிடும். வலையைத் திறந்து களை எடுக்கும் வேலையை வெயில் ஏறுமுன் வைத்துக்கொள்ளுங்கள்; அந்த நேரத்தில் பட்டாம்பூச்சி பறக்காது.

மகரந்தச் சேர்க்கை தடைப்படுமே என்ற கவலை வேண்டாம். கோஸ், காலிஃப்ளவர், நூல்கோல் எல்லாம் பூ பூக்கும் முன்பே அறுத்துவிடுகிற காய்கள்.

மதுரை வாசகர்: மாடித்தோட்டத்தில் பத்துப் பைகளில் காலிஃப்ளவர். வெள்ளை, மஞ்சள் பட்டாம்பூச்சிகளைக் கண்டால் விரட்டுகிறேன். ஆனாலும் இலை சல்லடையாகிறது.

விரட்டுவதை விடுங்கள், அவை நிரபராதிகள். சமவெளியில் மாடிக்கு வரும் வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகளில் பல, கொன்றை, அகத்தி வகைகளில் முட்டையிடுபவை. தரையை ஒட்டித் தள்ளாடிப் பறக்கும் சின்ன வெள்ளை, நல்வேளைச் செடியைத் தேடுவது. நல்வேளைக்கும் கடுகுக்கும் தூரத்து உறவு உண்டு, இரண்டிலும் அதே காரச் சத்து. என்றாலும் உங்கள் காலிஃப்ளவரைத் தின்பது வேறு ஆள்.

இருட்டியபின் ஒரு டார்ச்சோடு மாடிக்குப் போய் இலையைத் தட்டுங்கள். அரை அங்குலம்கூட இல்லாத சாம்பல்நிற அந்து எழுந்து பறக்கும். இறக்கையை மடித்து உட்கார்ந்தால் முதுகில் வரிசையாக வைர வடிவம் தெரியும். அதனால்தான் வைரமுதுகு அந்துப்பூச்சி என்று பெயர். பகலில் உறுதி செய்ய இன்னொரு வழி: புழுவைத் தொட்டால் பின்பக்கமாகத் துள்ளி, நூல் விட்டுத் தொங்கும். இளம்புழு இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டி, மேல்தோலைக் கண்ணாடி ஜன்னல்போல விட்டுவைக்கும். அது காய்ந்து உதிர்ந்த பின்புதான் நீங்கள் சொல்லும் சல்லடை.

பத்துப் பைகளுக்கு மருந்தைவிடக் கைதான் வேகம். நான்கு நாளுக்கு ஒருமுறை இலையைத் திருப்பிப் புழுவையும், உள்ளே பச்சைக் கூட்டுப்புழு தெரியும் கூட்டையும் நசுக்குங்கள். குருத்தை மறக்காதீர்கள், சின்னச் செடியில் குருத்தைத் தின்றுவிட்டால் அந்தப் பையில் பூவே வராது. மாலையில் மேலிருந்து தண்ணீர் தெளித்தாலும் அந்து இணைசேர்வது குறையும். ஆனால் இலை இரவெல்லாம் ஈரமாக இருந்தால் கருப்பழுகல் நோய் பரவும், பூ கட்டிய பிறகு பூவும் அழுகும். ஆகவே அந்த வைத்தியம் இளஞ்செடிக்கு மட்டும்.

ஓசூர் வாசகர்: வேப்பெண்ணெய் அடித்தேன், முத்துமுத்தாக உருண்டு ஓடிவிட்டது. பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) பாக்டீரியா தூள் அடித்தேன், மறுநாளும் புழு உயிரோடு இருக்கிறது. இரண்டும் ஏமாற்றா?

இரண்டும் வேலை செய்பவைதான். கோஸ் இலைமேல் மெழுகுப் பூச்சு உண்டு, சோப்பு சேர்க்காத எதுவும் அதில் ஒட்டாது. 5 மில்லி வேப்பெண்ணெயில் முதலில் காதி சோப்புக் கரைசலை விட்டுப் பால்போலக் கலக்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக 1 லிட்டர் வரை தண்ணீர் சேர்க்க வேண்டும். தண்ணீரில் எண்ணெயை ஊற்றிக் குலுக்கினால் எண்ணெய் தனியே மிதக்கும். கடைசியில் தெளிக்கும் செடிகள் கருகும்.

எங்களைக் கேட்டால், எண்ணெயைவிட வேப்பங்கொட்டைக் கரைசல் மேல். 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து 1 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, சோப்பு சேர்த்து, மாலை 4 மணிக்கு மேல் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். கொட்டை சேகரித்து மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும். எட்டு, பத்து மாதத்தைத் தாண்டினால் வீரியம் குறையும். அன்றன்றைக்குக் கரைத்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். புழு உடனே சாகாது. தின்ன மறுக்கும், தோலுரிக்க முடியாமல் மடியும்.

பி.டி.யும் அப்படித்தான். அது புழுவின் வயிற்றுக்குள் போனால்தான் நஞ்சு, மேலே பட்டால் ஒன்றும் ஆகாது. சில மணி நேரத்தில் தின்பது நின்றுவிடும். சாக இரண்டு மூன்று நாள் பிடிக்கும். மறுநாள் எண்ண வேண்டியது புழுவை அல்ல, புதிய ஓட்டை விழுந்திருக்கிறதா என்பதை. லிட்டருக்கு 2 கிராம், மாலையில் தெளியுங்கள். வெயில் அதன் வீரியத்தைத் தின்றுவிடும். சிறு புழுவாக இருக்கும்போது அடித்தால்தான் நல்ல பலன்.

அதற்காக வாராவாரம் அதையே அடிக்காதீர்கள். வைரமுதுகுப் பூச்சியின் வரலாறு பொல்லாதது. 1950களின் தொடக்கத்திலேயே ஜாவாவில் டி.டி.டி. பூச்சிமருந்துக்கு அசராமல் நின்றது. 1990இல் ஹவாய்த் தோட்டங்களில் பி.டி.க்கும் எதிர்ப்பு பதிவானது. ஒருமுறை பி.டி. என்றால் அடுத்த முறை வேப்பங்கொட்டை என்று மாற்றுங்கள்.

ஒட்டன்சத்திரம் வாசகர்: கோஸ் வரிசைகளுக்கு நடுவே கடுகு போடச் சொல்கிறார்கள். பயன் உண்டா? இலையில் அரிசிபோல வெள்ளைக் கூடுகளும் இருக்கின்றன, அவற்றை அழிக்கலாமா?

வயல் அளவில் கடுகுக்கு நல்ல பயன் உண்டு. அந்துப்பூச்சிக்குக் கோஸைவிடக் கடுகுதான் பிடிக்கும். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் சொல்லும் முறை, 25 வரிசைக் கோஸுக்கு ஒரு ஜோடி கடுகு வரிசை. ஒரு வரிசையைக் கோஸ் நடுவதற்கு 15 நாள் முன்பும், மற்றதை நட்ட 25ஆம் நாளும் விதைக்க வேண்டும். முதல் கடுகு முற்றிக் காயும்போது அடுத்தது இளசாக இருக்கும். பலர் கோட்டை விடுவது இதற்குப் பிறகு. கடுகில் சேர்ந்த புழுவை மருந்தடித்தோ பிடுங்கி அழித்தோ ஒழிக்காவிட்டால், அதுவே கோஸுக்குப் பூச்சி அனுப்பும் நாற்றங்கால் ஆகிவிடும். மாடித்தோட்டக்காரர்கள் இதைப் பார்த்து நான்கு பைகளுக்கு நடுவே கடுகு வைக்க வேண்டாம். பூச்சியை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதாகும்.

வெள்ளைக் கூடுகளில் கை வைக்காதீர்கள். கெட்டியாக, உள்ளே இருப்பது தெரியாமல் இருந்தால் அது கொட்டேசியா என்ற குளவியின் கூடு. புழுவின் உடலுக்குள் வளர்ந்து அதைக் கொன்றுவிட்டு வெளியே வந்து கட்டியது. அந்துப்பூச்சியின் கூடு சல்லாத்துணிபோல இருக்கும், உள்ளே பச்சைக் கூட்டுப்புழு தெரியும். அதை நசுக்கலாம். சமவெளிக்குக் கொட்டேசியா என்றால், நீலகிரி போன்ற குளிர்ந்த மலைகளுக்கு டயடெக்மா என்ற குளவி. எந்தக் குளவியானாலும் கடும் பூச்சிமருந்து அடித்த வயலில் தங்காது.

சேலம் வாசகி: முட்டை ஓட்டைக் குச்சியில் குத்தி வைத்தால் பட்டாம்பூச்சி வராதாமே?

வரும். இரவில் வரும் அந்துவுக்கு முட்டை ஓடும் ஒன்றுதான், ஓட்டைச் சட்டியும் ஒன்றுதான். பொடித்து உரக்குழியில் போடுங்கள்.

திருச்சி வாசகி: இவ்வளவும் செய்து அறுத்த காலிஃப்ளவரிலும் புழு இருந்தால்?

பூவைச் சிறு கொத்துகளாகப் பிரித்து, கல் உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் பத்து நிமிடம் மூழ்கவிடுங்கள். பூ மிதந்தால் மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வையுங்கள். முழுப்பூவாகப் போட்டால் காம்பு இடுக்கில் இருக்கும் புழு அங்கேயே வெந்து கிடக்கும்.