சர்ஜன்கள் ஏஐ கருவிகளை ஏற்கத் தயங்குவது ஆணவத்தாலா, வேலை போய்விடும் என்ற பயத்தாலா?

ரெண்டும் இல்லை என்பேன். எனக்கு ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டம், ஓய்வுபெறும்வரை அரசாங்க மருத்துவமனையில் அறுவைக் கூடத் தாதியாக இருந்தேன்.

போன மாதம் பித்தப்பைக் கல்லோடு ஓர் அக்கா வீட்டுக்கு வந்து, "ரோபோதான் வெட்டுமாமே மிஸ்ஸி, டாக்டர் சும்மா பார்த்துக்கிட்டு இருப்பாராமே" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அப்படி இல்லை. 2000இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாவின்சி ரோபோ, சர்ஜன் உட்கார்ந்து கையை அசைத்தால்தான் அசையும். ஏஐ என்று இப்போது பேசுவது வேறு: வயிற்றுக்குள் விட்ட கேமராவின் படத்தைப் பார்த்து, வெட்டலாம் என்றால் பச்சை, தொடக்கூடாது என்றால் சிவப்பு என்று திரையில் காட்டும் மென்பொருள்.

பித்தப்பைக்குள் போவது ஒரு குழாயும் ஒரு ரத்தநாளமும்தான் என்று கண்ணால் உறுதி செய்த பிறகே, வெட்டுவதற்கு முன் அவற்றை அடைக்கக் கிளிப் போடுவார்கள். ஈரலிலிருந்து குடலுக்குப் போகும் பெரிய பித்தக்குழாயை அந்தச் சின்னக் குழாய் என்று நினைத்து வெட்டிவிட்டால் நோயாளிக்குப் பெரும்பாடு. நான் கிளிப்பை நீட்டிக்கொண்டு நிற்பேன், டாக்டர் வாங்கமாட்டார், கேமராவை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பச் சொல்லி, "பொறுங்க மிஸ்ஸி, பொறுங்க" என்பார். ஏதாவது ஆகிவிட்டால் வெளியே வந்து குடும்பத்தின் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டியவரும் அவர்தான், மென்பொருள் வராது.

1985இல் ஜெர்மனியில் எரிக் மியூஹே என்ற சர்ஜன் வயிற்றில் போட்ட சின்னத் துளை வழியாகப் பித்தப்பையை எடுத்தபோது அந்நாட்டுச் சர்ஜன்களே ஏற்கவில்லை. இன்று உலகம் முழுக்க அதுதான் வழக்கம். அதனால் ஏஐயும் வரும், வரட்டும். எனக்குக் கவலை இளம் டாக்டர்களைப் பற்றித்தான். போலந்தில் குடல் உள்நோக்கிப் பரிசோதனையில் ஏஐ பழகிய டாக்டர்கள், அது இல்லாமல் பார்க்கும்போது கட்டி கண்டுபிடித்த அளவு 28 விழுக்காட்டிலிருந்து 22க்கு இறங்கியது என்று 2025இல் ஓர் ஆய்வு வந்தது. பல வருஷ அனுபவம் உள்ளவர்களுக்கே அப்படி என்றால், கண் பழகுவதற்கு முன்பே பச்சை சிவப்பு பார்த்து வளரும் பிள்ளைகள்?

நான் ஓய்வுபெறும் சமயம் அப்படி ஒரு மென்பொருளைக் காட்ட வந்தார்கள். அழகான, சுத்தமான பித்தப்பை வீடியோக்கள். எங்கள் டாக்டர் கடைசிவரை பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சரி, வீங்கி, சீழ் பிடித்து, எல்லாம் ஒட்டிக் கிடக்கும் கேஸ் ஒன்று போடுங்கள்" என்றார். அன்று அவர்களிடம் அது இல்லை. கொண்டுவாருங்கள், உட்கார்ந்து பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்.