கடையில் தப்பாவ் (பார்சல்) செய்யும் சைவ மீ கோரெங் (வறுத்த நூடல்ஸ்) ருசியை வீட்டில் சீக்கிரமாகக் கொண்டுவர முடியுமா? எந்த சாஸ் சேர்க்க வேண்டும்?

தாராளமாக முடியும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து அரை மணி நேரத்தில் சாப்பிட உட்கார்ந்துவிடலாம். ஆனால் ரகசியம் சாஸில் இல்லை. கடையில் ஊற்றுகிற கிச்சாப்தான் (சோயா சாஸ்) உங்கள் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. வித்தியாசமெல்லாம் தீயிலும் அளவிலும்தான்.

மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) மீ பிரட்டுகிறவரைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். எத்தனை பேர் காத்திருந்தாலும் ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு தட்டுக்கான மீதான் குவாலியில் (வாணலியில்) விழும். அத்தனை பெரிய தீயை வைத்துக்கொண்டு அவரே அப்படிச் செய்யும்போது, நாம் வீட்டு அடுப்பில் குடும்பத்துக்கே மொத்தமாகக் கொட்டினால் என்ன ஆகும்? சட்டியின் சூடு இறங்கும், காய் தண்ணீர் விடும், மீ வறுபடாமல் அவிந்து களியாகும். 400 கிராம் மஞ்சள் மீ இருந்தால் இரண்டாகப் பிரித்துப் பிரட்டுங்கள். ஒரு தடவைக்கு நாலைந்து நிமிடம்தான்.

நான் பினாங்கில் ஆயர் ஈத்தாம் பக்கம். காலையில் சந்தையிலேயே மீ, தவ்ஹூ (டோஃபு), தவ்கே (முளைப்பயறு), சாவிக் கீரை (கடுகுக் கீரை வகை) எல்லாம் வாங்கிவிடுவேன். மஞ்சள் மீ மாவில் காரநீர் (உறைப்பு அல்ல, ஆல்கலி) சேர்த்துப் பிசைவதால்தான் அந்த நிறமும் ஒரு மாதிரி வாடையும். ஒட்டாமல் இருக்க எண்ணெய் வேறு தடவியிருப்பார்கள். கொதிநீரில் ஒரு அலசு அலசினால் அந்த வாடையும் எண்ணெயும் போய்விடும். அப்புறம் நன்றாக வடியவிட வேண்டும், இதில் அவசரம் கூடாது. தவ்கேயும் கீரையும்கூட ஈரம் இல்லாமல் இருக்கட்டும்.

200 கிராம் மீக்கு ஒரு கிண்ணத்தில் கிச்சாப் பெக்காட் (கெட்டியான கருப்பு சோயா சாஸ்) ஒரு மேசைக்கரண்டி, சாதா கிச்சாப் ஒரு மேசைக்கரண்டி, தக்காளி சாஸ் ஒரு மேசைக்கரண்டி, சீனி ஒரு சிட்டிகை கலந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு எரியும்போது பாட்டில் மூடியோடு மல்லுக்கட்ட நேரம் இருக்காது.

இரும்புக் குவாலியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் பூண்டு, வெங்காயம். அடுத்து ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுது ஒன்றரைக் கரண்டி. எண்ணெய் பிரிந்து ஓரத்தில் சிவப்பாக நிற்கும்வரை வதக்குங்கள். பாதியில் விட்டால் பச்சை வாடை கடைசிவரை போகாது. (ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் அதிகமாக வதக்கி ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டால் வார நாட்களில் பாதி வேலை மிச்சம்.) பொரித்த தவ்ஹூ, அவித்த உருளைக்கிழங்குத் துண்டு, கீரைத் தண்டு போட்டு ஒரு பிரட்டு. பிறகு மீ.

இப்போது கிண்ணத்தில் இருப்பதை மீயின் தலையில் ஊற்றாதீர்கள். சட்டியின் ஓரமாகச் சுற்றி விடுங்கள். கிச்சாப் பெக்காட்டில் இருக்கும் சர்க்கரை சூடான இரும்பில் பட்டு சொர்ரென்று கருகத் தொடங்கும். நீங்கள் தேடுகிற கடை வாசனை அதுதான். உடனே கிளறாமல் அரை நிமிடம் அப்படியே விட்டுவிட்டுப் புரட்டினால் மீ அங்கங்கே கருஞ்சிவப்பாகப் பிடித்திருக்கும். கீரை இலையும் தவ்கேயும் கடைசியில், அடுப்பை அணைப்பதற்குச் சற்று முன். தவ்கே நறுக்கென்று இருந்தால்தான் எனக்குப் பிடிக்கும்.

நான்ஸ்டிக் சட்டியை வெறுமனே அந்த அளவுக்குக் காயவிடக் கூடாது, அதில் இந்த வாசனையும் முழுதாக வராது. இரும்புக் குவாலி ஒன்று வாங்கிவிடுங்கள்.

பினாங்கு மீ கோரெங்கில் மாவுப் பொரியலை வெட்டிப் போடுவார்கள். வீட்டில் நேற்றைய பருப்பு வடை மிஞ்சியிருந்தால் பிய்த்துப் போட்டுப் பாருங்கள், அதைவிட நன்றாக இருக்கும் என்பது என் கட்சி. மேலே பொடித்த வேர்க்கடலை, ஓரத்தில் பாதி லீமாவ் கஸ்தூரி (குட்டி எலுமிச்சை வகை).

புரட்டாசி விரதத்துக்காகச் செய்கிறீர்கள் என்றால் கடையில் வாங்கும் மிளகாய் விழுது பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள், சிலவற்றில் பெலாச்சானோ (புளிக்கவைத்த இறால் விழுது) உலர்ந்த இறாலோ இருக்கும். சிப்பி சாஸ் வேண்டுமென்றால் காளானில் செய்த சைவ வகை கிடைக்கிறது. அதைச் சேர்த்தால் சாதா கிச்சாப்பைப் பாதியாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் உப்பு தூக்கிவிடும்.